பதினொரு ஒன்றுகள்

கல்யாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை கணிதப் பட்டதாரி என்றார்கள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலணையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் எஸ்.எஸ்.சி. சோதனையில் கணிதத்துக்கு அதிவிசேட சித்தி எடுத்தவள் நான் ஒருத்திதான். மேலே படிக்க யாழ்ப்பாணத்தில் விடுதியில் நிற்க வேண்டும். சிங்களம் மட்டுமே அரசமொழி என்ற சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "இனி எங்கடை பெடியங்களுக்கே அரசாங்கக் கந்தோர் வேலை இல்லை, பெட்டைக்கு என்னத்துக்குப் படிப்பு?" என்று அப்பா முடித்துவிட்டார். கணிதம் படித்த ஒருவரோடு வாழப் போகிறேன், மிச்சத்தை அவரிடம் படித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வயது. அந்த வயதில் அப்படி நினைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவுமில்லை.

கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அவருக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. முன்பிருந்த பள்ளிக்கூடத்தில் அதிபரோடு ஏதோ வாய்த்தர்க்கம். நெடுந்தீவு மாற்றம் என்றால் ஆசிரியர்களுக்கு அது தண்டனை மாதிரித்தான். வள்ளத்தில் ஏறினால் அரைவாசிப் பேருக்கு வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும். இறங்கினால் வெயில், பவளக்கல் அடுக்கிய மதில்கள், மாடுகள், காற்று. எனக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது. அவர் மட்டும் இறங்கிய நாளிலிருந்து தன்னை யாரோ கொண்டுவந்து எறிந்துவிட்டதாகவே நடந்துகொண்டார். "கதைக்க ஒரு மனிசர் இல்லை இஞ்சை" என்பார். நான் எதிரே கதிரையில் இருக்கும்போதே சொல்வார்.

அந்த எண் அங்கேதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வெறும் ஒன்றுகளால் ஆன எண்களைப் பற்றி அவர் ஒன்பதாம் வகுப்புக்கு விளையாட்டாகப் பாடம் நடத்தினாராம். பதினொன்று ஒரு முதன்மை எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. நூற்றுப்பதினொன்று, மூன்றும் முப்பத்தேழும் பெருக்கியது. நாலு ஒன்று சேர்ந்தால் பதினொன்றும் நூற்றொன்றும். ஐந்து ஒன்று என்றால் நாற்பத்தொன்றும் இருநூற்று எழுபத்தொன்றும். ஏழு ஒன்றை உடைக்க அவருக்கு ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது: 239, 4649. ஆறு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் சுலபமாக உடையும், ஏனென்றால் அந்த எண்ணிக்கைகளே உடைகிறவை. அடுத்துத் தடுத்து நின்றது பதினொரு ஒன்று.

11,111,111,111.

ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. இலக்கங்களைக் கூட்டினால் பதினொன்று, ஆகவே மூன்றால் வகுபடாது. ஏழால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். அதை அதாலேயே பெருக்கினால் 123456790120987654321 வரும். ஒன்பது ஒன்றைப் பெருக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கும். பதினொன்றில் அந்த உச்சி இடிந்து நடுவில் பூச்சியங்கள் விழுந்துவிடும். இதை நான் ஒரு மத்தியானம் குசினியில் சமைத்துக்கொண்டே பெருக்கிப் பார்த்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உதெல்லாம் பிள்ளையளின்ரை விளையாட்டு" என்றார். "இது முதன்மை எண்ணோ இல்லையோ எண்டதுதான் கேள்வி. இந்த உலகத்திலை ஒருத்தரும் இதைப் பார்த்திருக்க மாட்டினம்."

அவரிடம் இருந்தது பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய புத்தகம். அலுமாரியில் வேறு கணிதப் புத்தகம் இல்லை. அந்தத் தீவில் கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. அதனால் உலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை என்பது அவருக்குச் சந்தேகமில்லாத உண்மையாக இருந்தது.

அந்த எண்ணை வகுக்கக்கூடிய முதன்மை எண் எதுவானாலும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது இருபத்திரண்டால் மீதியின்றி வகுபட வேண்டும். ஏன் இருபத்திரண்டு என்று கேட்டேன். "அது உமக்கு விளங்காது" என்றார். அடுத்த நாள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு விளங்கியது. அப்படியொரு எண்ணால் ஒன்றை வகுத்துக்கொண்டு போனால் தசமங்கள் பதினொன்றுக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டும்; அப்படித் திரும்பும் சுற்று, அந்த முதன்மை எண்ணில் ஒன்று குறைந்ததற்குள் சரியாக அடங்க வேண்டும்; அது இரட்டை எண் என்பதால் பதினொன்று இருபத்திரண்டாகிறது. கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஓம், அது புத்தகத்திலை இருக்கு" என்றார், தலை நிமிராமல்.

ஆகவே 23, 67, 89, 199 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு இலட்சத்து ஐயாயிரத்து நானூற்றுச் சொச்சம் வரை பார்த்தால் போதும். அதற்கு மேலே ஒன்று வகுத்தால் அதன் சோடி கட்டாயம் அதற்குக் கீழே இருக்கும். பார்க்க வேண்டியவை ஆயிரம் எண்கள் மட்டில் வந்தன. அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு நாளைக்கு நாலைந்து என்று வகுத்தார். சில வாரம் ஒன்றும் செய்யமாட்டார். கொப்பியில் நாளைப் போட்டு, வகுத்தி, ஈவு, மீதி என்று மூன்று நிரலில் எழுதுவார். முதல் வரி எனக்கு இன்னும் பாடம்: 23, 483091787, மீதி 10.

இது மூன்று வருடம் நடந்தது.

இரண்டாவது வருடம் ஆடியில் எனக்கு ஏழாம் மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று கடலைக் கலக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலை இரத்தம் கண்டது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கடலைப் பார்த்து வள்ளக்காரர் தயங்கினார்கள். பகல் திரும்பிய பிறகுதான் ஒருவர் சம்மதித்தார். அடுத்த வளவில் மாடு வைத்திருந்த கத்தோலிக்க அக்கா ஒருத்தி செபமாலையோடு என்னோடு ஏறினா. என் கணவர் கரையில் நின்றார்.

"நீங்கள் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வாறார். நான் வந்துதான் என்ன செய்யிறது?"

பெண்பிள்ளை. உயிரில்லாமல் பிறந்தது. ஒன்பது நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது வீடு கூட்டிச் சுத்தமாக இருந்தது. அந்த அக்கா மகளை அனுப்பிக் கூட்டுவித்திருந்தா. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மேசையில் கொப்பி திறந்தபடி கிடந்தது.

மூன்றாம் வருட முடிவில் பட்டியல் தீர்ந்தது. எல்லா வரியிலும் ஏதோ ஒரு மீதி இருந்தது. ஆகவே அது முதன்மை எண். அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்தேன்; அதற்கு முன்பு அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. ஊர்காவற்றுறையில் தீவுப்பகுதி ஆசிரியர்கள் கூடுகிற ஒரு கூட்டம் வரவிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் பேச வருவதாக இருந்தது. இவர் அவருக்கே கடிதம் எழுதி, பதினொரு ஒன்றுகள் முதன்மை எண் என்று தான் நிறுவியிருப்பதாக அறிவித்து, கூட்டத்தில் வாசிக்க நேரமும் வாங்கிக்கொண்டார்.

"உம்மடை எழுத்து வடிவு" என்று சொல்லிப் பட்டியலைப் புதுத் தாளில் எடுத்தெழுதும் வேலையை என்னிடம் தந்தார். மூன்று வருடத்தில் அவர் அந்த எண் சம்பந்தமாக என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

வெறுமனே பார்த்து எழுத எனக்கு ஏலாது. பள்ளிக்கூடத்தில் ஒன்பது கழித்துச் சரிபார்க்கும் முறை படித்திருந்தேன். ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, மிஞ்சியதை வைத்துப் பார்ப்பது. வகுத்தியையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டினால், எங்கள் எண்ணுக்கு எப்போதும் இரண்டு வரவேண்டும். மனத்துக்குள்ளே செய்யலாம், கை எழுதிக்கொண்டே போகும். முதல் நாள் எண்பது வரி, அடுத்த நாள் நூறு வரி. எல்லாம் இரண்டு, இரண்டு, இரண்டு. அவர் கவனமான ஆள், அதை நான் மறுக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் 21649 வந்தது. ஈவு 513243, மீதி 13404. வகுத்தியில் நாலு, ஈவில் பூச்சியம், மீதியில் மூன்று. மூன்று வந்தது. இரண்டு வரவில்லை.

கலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நானே வகுத்தேன். ஐந்து தடவை போனது, பிறகு ஒன்று, பிறகு மூன்று. எழுபதினாயிரத்து நூற்று இருபத்தொன்றிலிருந்து அறுபத்து நாலாயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தேழு போக ஐயாயிரத்து நூற்று எழுபத்து நாலு. பிறகு இரண்டு, பிறகு மூன்று. கடைசியில் 194841 நின்றது. 21649ஐ ஒன்பதால் பெருக்கினேன். 194841. கழித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

513239. திருப்பிப் பெருக்கினேன். பதினொரு ஒன்றும் வரிசையாக வந்து நின்றன. குசினியில் உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது, நான் எழும்பவில்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோசம் வேறெதற்கும் வந்ததில்லை. பிள்ளை பெறுகிறவர்களுக்கு அப்படி வரும் என்று சொல்வார்கள், எனக்குத் தெரியாது.

பிறகு அவருடைய வேலைக் கொப்பியை எடுத்துப் பிழை எங்கே என்று பார்த்தேன். மூன்றாவது கழித்தலில் 5174 என்று வரவேண்டிய இடத்தில் 5274 என்று எழுதியிருந்தார். கடன் வாங்கியதை மறந்திருக்கிறார், அவ்வளவுதான். பக்கத்தின் தலையில் நாளைப் பார்த்தேன். ஆடிமாதம், என்னை வள்ளத்தில் ஏற்றிய அந்த நாள்.

கனநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து வீட்டுக்கு வந்து இந்த மனிதர் வகுக்க இருந்திருக்கிறார் என்று முதலில் வயிறு எரிந்தது. பிறகு, இதுவரை பார்த்த இருநூற்றுச் சொச்சம் வரியில் பிழை வந்தது இந்த ஒரு நாள்தானே, அவருக்கும் கை நடுங்கியிருக்குமோ என்று தோன்றியது. அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. பழையதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்றே அந்த மத்தியானம் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவரிடம் தாளை நீட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இதை ஒருக்காப் பாருங்கோ. இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது மீதியில்லாமல் போகுது."

"நீர் பிழை விட்டிருப்பீர்."

"பெருக்கியும் பார்த்தனான்."

தாளை வாங்கி நின்றபடியே பார்த்தார். பிறகு இருந்து தான் வகுத்தார். மூன்று தரம் வகுத்தார். சோறு போட்டு வைத்தேன்; ஆறிப் போனது. பின்னேரம் கிணற்றடியில் நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"பரவாயில்லை" என்றார். "இது இன்னும் நல்லது. முதன்மை எண் எண்டு சொல்லுறதைவிட, உடைச்சுக் காட்டுறது பெரிய காரியம்."

நல்லாய்ப் பார்த்தீர் என்று ஒரு சொல் வரும் என்று, சவர்க்காரக் கையோடு காத்திருந்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அந்தப் பக்கத்தின் நாளைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு நோகும் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சீலை உடுத்து, பின்வரிசையில் ஆசிரியைகளோடு இருந்தேன். அவர் நன்றாகத்தான் வாசித்தார். இருபத்திரண்டின் காரணத்தைக் கரும்பலகையில் விளக்கினார். கடைசியில் இரண்டு காரணிகளையும் எழுதிவிட்டுத் திரும்பியபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

விரிவுரையாளர் எழும்பினார். நரைத்த தலை, மெல்லிய குரல்.

"நீங்கள் எனக்கு எழுதின கடிதத்திலை இது முதன்மை எண் எண்டெல்லோ இருந்தது?"

என் கணவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"ஓம் சேர். வகுக்கிற வேலை கொஞ்சம் வீட்டிலையும் செய்விக்கிறனான். அங்கை ஒரு கழித்தல் பிழைச்சுப் போச்சு. நான் திரும்பச் சரிபார்க்கேக்கை பிடிச்சிட்டன்."

வீட்டிலை என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மண்டபம் முழுக்கச் சிரித்தது. பக்கத்திலிருந்த ஆசிரியைகள் என் தோளில் தட்டினார்கள். விரிவுரையாளரும் சிரித்து, பின்வரிசையைப் பார்த்து, "அம்மா, இனிக் கழிக்கேக்கை கொஞ்சம் கவனம்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு விரிவுரையாளர் சொன்னார்: இந்த எண்ணின் காரணிகள் ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு முந்தியே அட்டவணையாக அச்சில் வந்திருக்கின்றன, ஆனாலும் நெடுந்தீவில் இருந்து தனியொரு ஆளாகக் கையால் செய்தது பெரிய உழைப்பு, பாராட்ட வேண்டும். என் கணவரின் முகம் அந்தக் கரும்பலகைக்கு முன்னால் எப்படிப் போனது என்று பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

திரும்பும் வள்ளத்தில் ஆட்கள் குறைவு. இயந்திரச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது என்று கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அந்த இடத்திலை வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"பிழை விட்டது நீங்கள். கண்டுபிடிச்சது நான்."

கடலைப் பார்த்தபடி சொன்னார்: "இதாலை உமக்கு என்ன குறைஞ்சு போச்சு? உம்மை ஆர் எண்டே அவைக்குத் தெரியாது. எனக்கெண்டால் அப்பிடியில்லை."

அப்போது நாளைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இவருக்கு அந்த நாள் எது என்றே நினைவிருக்காது என்று தெரிந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் அந்த எண்ணை அதோடு விட்டுவிட்டார். கதையை மட்டும் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி கொண்டுவரும்போது, "இவ கழிச்சால் உலகமே பிழையாய்ப் போகும்" என்று தொடங்குவார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மையாகிவிட்டதோ என்று சில சமயம் யோசித்திருக்கிறேன்.

ஐந்தாறு வருடம் போனபின் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புக் கணிதத்துக்கு ஆள் இல்லாமல் போனது; அவர் மேல்வகுப்புகளை மட்டும்தான் எடுத்தார். வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு தவணை படிப்பித்துவிட்டு மாற்றம் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். உள்ளூரில் சோதனை சித்தியடைந்தவர்களை எடுக்கலாம் என்று வந்தது. நான் விண்ணப்பித்தேன். அதிபர் என் சான்றிதழைப் பார்த்தார். அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்.

"கணிதம் வேண்டாம் தங்கச்சி" என்று சிரித்தார். "மாஸ்டர் எல்லாம் சொல்லியிருக்கிறார். தையல் ஒண்டு இருக்கு, அதை எடும்."

என் கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று வருடம் தையல் படிப்பித்தேன். எம்ப்ரொய்டரி, பொத்தான் துளை, பாவாடைக்கு மடிப்பு. கீழ்வகுப்புக் கணிதத்துக்கு வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். சில வருடம் அந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் பின்னப் பெருக்கல் தெரியாமல் துணி அளந்தார்கள். நான் மூச்சு விடவில்லை. ஒருமுறை தையல் சோதனைக்கு மேற்பார்வை செய்தபோது, சும்மா இருக்க முடியாமல், ஒன்றை 21649ஆல் வகுத்துக்கொண்டு போனேன். 0.00004619151, பிறகு மறுபடி 00004619151. பதினொன்றுக்கு ஒருமுறை திரும்பி வந்தது. 4619151 என்பது 513239இன் ஒன்பது மடங்கு. வர வேண்டியபடியே வந்திருந்தது. அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை.

அவர் ஓய்வுபெற்றதும் வேலணைக்கு வந்தோம். வேறு பிள்ளை எங்களுக்கு இல்லை. எண்பதுகள் தொடங்கியபோது ஒரு வைகாசியில் மார்பு வலி வந்து இரண்டு நாளில் போய்விட்டார். நல்லவர், கெட்டிக்காரர் என்று வந்தவர்கள் சொன்னார்கள். கெட்டிக்காரர்தான்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று அவரோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பெடுத்தார். அச்சுக்குக் கொடுக்கமுன் எழுதியதை என்னிடம் கொண்டுவந்தார். வாழ்க்கைக் குறிப்பில் நாலாம் பக்கத்தில் இருந்தது: பதினொரு இலக்க எண்ணின் காரணிகளைக் கண்டறிந்தவர், துணைவியார் கணிப்பில் விட்ட சிறுபிழையையும் தாமே கண்டு திருத்தியவர்.

"தம்பி, இது பிழை" என்றேன். "பிழை விட்டது அவர். காரணி கண்டுபிடிச்சது நான். கொப்பி இருக்கு, காட்டுறன்."

கொப்பியையும் கலண்டர்த் தாளையும் எடுத்து வந்து காட்டினேன். அவர் கணித ஆசிரியர்தான், பார்த்தவுடன் விளங்கியது.

"அக்கா, நீங்கள் சொல்லுறது சரி" என்றார். "ஆனால் செத்த வீட்டு மலரிலை இப்ப இதை எழுதினால் நல்லாயிராது. சனம் உங்களைத்தான் ஒரு மாதிரிக் கதைக்கும்."

"அப்ப அந்த வரியை எண்டாலும் எடுத்துவிடும்."

"பார்க்கிறன் அக்கா."

மலர் வந்தது. வரி அப்படியே இருந்தது. 'சிறுபிழை' என்பதில் 'சிறு' மட்டும் போயிருந்தது, அச்சுக்கோத்தவர் விட்டாரோ என்னவோ. இருநூறு பிரதி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பிக் கைகழுவிக்கொண்டு வர, வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று நான்தான் கொடுத்தேன். கொடுக்க வேறு ஆள் இல்லை.